கொறங்காட்டில் காசு போடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

மூலனூர்ப் பக்கம் பாகப்பிரிவினையில் வந்த கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செம்மறி வைத்திருப்பவருக்கு வருஷக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். வேலி விழுந்து கிடக்கிறது, புல் தேய்ந்துவிட்டது, அவரோ ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள்.

கொஞ்சம் அவர் பக்கம் நின்று பாருங்கள். கொழுக்கட்டைப் புல் விதைத்தால், வேர் பிடிக்கும்வரை ஆட்டை உள்ளே விடக்கூடாது. முழுப் பலன் அடுத்த மழைக்குத்தான். அடுத்த வருஷம் காடு யார் கையில் இருக்கும் என்று தெரியாதவர் எதை நம்பி விதைப்பார்? இருப்பதை ஒட்ட மேய்ப்பதுதான் அவருக்குக் கட்டுபடியாகும். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு இத்தனை தலைமுறை நிலைத்ததற்குக் காரணமே, அது ஊர்ப் பொதுவாக இல்லாமல் அவரவர் சொந்தக் காடாக இருந்ததுதான். கிளுவை வேலி நட்டவர் வீட்டு மாடே அந்தக் காட்டில் மேய்ந்தது.

ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, காட்டை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்பதை. இரண்டொரு வருஷத்தில் விற்கிற எண்ணம் இருந்தால் எதுவும் போடாதீர்கள். மனை பிரிக்கிறவர் புல்லுக்கு விலை தரமாட்டார்.

வைத்துக்கொள்வதானால், முதல் காசு வேலிக்கு. கிளுவைப் போத்து விலை அதிகமில்லை. ஊன்றிக் காப்பாற்றும் ஆள்கூலிதான் செலவு. வேலி அடைந்துவிட்டால் ஆட்டுக்குக் காவல் ஆள் வேண்டாம். மிச்சமாகும் அந்தக் கூலியே முதல் வருமானம். அடுத்து, காட்டைக் குறுக்கே தடுத்து மாற்றி மாற்றி மேய்க்க வழி செய்யுங்கள். ஓய்வு கிடைத்தால் பாதிப் புல் தானாகவே திரும்பும். வெள்வேல மரங்களை வெட்ட விடாதீர்கள். கோடையில் புல் காய்ந்தபின் அவற்றின் காய்தான் ஆட்டுக்குத் தீனி.

விதை கடைசியில். அறுத்த கையோடு கொழுக்கட்டை விதையைத் தூவினால் சரியாக முளைக்காது. சில மாதம் அதற்கு உறக்கம் உண்டு. போன வருஷத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே முயல் மசால் என்ற தீவனப் பயிரைக் கலந்தால் தீனியில் புரதம் கூடும். முயல் மசாலின் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். முழுக்காட்டையும் ஒரே வருஷத்தில் விதைக்காதீர்கள். ஐப்பசி மழை பொய்த்தால் விதையும் போகும், மேய்ச்சலும் போகும். ஆண்டுக்கு ஒரு தடுப்பு போதும்.

இத்தனையும் செய்துவிட்டு, பழையபடி வருஷக் குத்தகைக்கே விட்டால் புல் மறுபடி தேயும். ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள். வேலி உங்கள் செலவு, விதையில் ஆளுக்குப் பாதி, எத்தனை உருப்படி விடலாம் என்ற கணக்கு — மூன்றும் பத்திரத்தில் இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். விதை வாங்கும் முன் அவரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்