பதுளையில் வாடகை வீடு

கேள்வி: மகளுக்குப் பதுளையில் வேலை. வீட்டுக்காரர் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார். இரண்டு வருஷம் இருக்கலாம், எழுத்தெல்லாம் எதற்கு என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், மடுல்சீமை

பதில்: எழுத்தில்லாமல் கொடுக்காதீர்கள், அம்மா. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தானால்தான் செல்லும். வாய்ப்பேச்சு மாத வாடகைக்குச் சரி. அந்த 'இரண்டு வருஷம்' நீதிமன்றத்தில் நிற்காது. நொத்தாரிசுக் கூலியைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அட்வான்ஸோடு ஒப்பிட்டால் அது சின்னக் காசு.

ஆறு மாத அட்வான்ஸைக் குறைக்கப் பேரம்தான் வழி; மூன்று மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

வீடு சரிவை வெட்டிக் கட்டியதா என்றும் பாருங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது நம் மாவட்டத்தில்தான். மண்சரிவு அபாய வலயங்களை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாகவே வைத்திருக்கிறது.

மின்கட்டணம் யார் பெயரில், யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.