லேசர் பிடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

எண்டோஸ்கோப்பி பழகத் தொடங்கியிருக்கிற மக்களே, இரைப்பைப் புற்றை லேசரால் எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையை விட்டு மண்டைக்காட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவன் அதை லேசரிலிருந்து தொடங்க மாட்டான். நோயாளியின் சட்டைப்பையில் இருக்கிற மாத்திரை அட்டையிலிருந்துதான் தொடங்குவான்.

1. நெஞ்செரிச்சல் என்றால் மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது நம்மூர் வழக்கம். அது வலியை அடக்குவதோடு நிற்பதில்லை. புற்றுப்புண்ணின் மேற்பரப்பையே சில காலம் ஆறினாற்போல் காட்டிவிடும். எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்று கேட்காமல் குழாயைக் கையில் எடுக்காதீர்கள். மெலிந்தாரா, மலம் கறுப்பாகப் போகிறதா, இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிறைகிறதா என்பதையும் கேளுங்கள்.

2. ஆரம்பப் புற்று கட்டியாக எழுந்து நிற்காது. கொஞ்சம் சிவப்பு, அல்லது கொஞ்சம் வெளிறல், தடவினாற்போல் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஒரு குமிழி நுரை மூடினால் போயிற்று. சிமெத்திகோன் கலந்த தண்ணீரால் கழுவி உறிஞ்சுங்கள். காற்றை நிரப்பி மடிப்புகளை விரியுங்கள். குழாயை வளைத்துத் திருப்பி மேல்பகுதியையும் பாருங்கள். 7 நிமிடமாவது உள்ளே இருங்கள். வெளியே கூட்டம் நிற்கிறது என்று நர்ஸ் சொல்வார். சொல்லட்டும்.

3. லேசர் என்பது ஒன்றல்ல. வயிற்றுக்குள் முதலில் பேரெடுத்தது நியோடிமியம் யாக், 1064 நானோமீட்டர். நமக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த மோனசைட் என்ற கனிமத்தில் இந்த நியோடிமியமும் உண்டு. நம் மண் என்று பெருமைப்படலாம். ஆனால் அந்த ஒளி சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கும், இரைப்பைச் சுவரின் மொத்த கனமும் சில மில்லிமீட்டர்தான். ரத்தம் நிறுத்தவும், அடைத்த கட்டியில் வழி திறக்கவும் ஒரு காலத்தில் அதை ஓடி ஓடிப் பயன்படுத்தினார்கள். ஆரம்பப் புற்றைக் கருக்கினாலோ, கையில் மிஞ்சுவது கரி. கரியை வைத்துக்கொண்டு பெத்தாலஜிஸ்ட் என்ன சொல்வார்? வேறு எந்தச் சிகிச்சையும் தாங்காத முதியவருக்கு மட்டும் கருக்குவதை நான் ஒப்புக்கொள்வேன்.

4. ஆகவே கருக்காதீர்கள், உரித்தெடுங்கள். 1990-களில் ஜப்பானியர் வளர்த்த முறை இது: புற்றைச் சுற்றிப் புள்ளி வைத்து, சளிப்படலத்துக்கு அடியில் திரவம் ஏற்றி மேடாக்கி, சுற்றி அறுத்து, அடியோடு ஒரே துண்டாக உரிப்பது. அறுப்பது வழக்கமாக மின்கத்தி. அதன் இடத்தில் தூலியம் லேசரையும் கார்பன் டை ஆக்சைடு லேசரையும் கொரியாவிலும் ஜப்பானிலும் சோதித்தார்கள். இரண்டையும் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நாம் ஏற்றிய திரவமே ஒளியைக் குடித்துவிடுவதால் கீழே உள்ள தசை பிழைக்கிறது. ஓட்டை விழும் பயம் குறையும் என்பதுதான் இதன் அழகு. கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் உருவாக்கியவர் நம் நாட்டில் பிறந்த குமார் பட்டேல். அது சாதாரணக் கண்ணாடி இழை வழியே போகாது, உள்ளே பொள்ளலான தனிக்குழல் வேண்டும். மின்கத்தியில் கை பழகாதவர் இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

5. இழையின் நுனி திரையில் தெரியாமல் பெடலை மிதிக்காதீர்கள். குழாயே பொசுங்கும். அந்த லேசரின் அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும் வேண்டும், படுத்திருக்கிறவருக்கும் சேர்த்து.

6. எடுத்த துண்டை அப்படியே பாட்டிலில் போடுவது பாவம், சுருண்டு போகும். பலகையில் விரித்து, ஓரம் முழுக்க ஊசி குத்தி, எந்தப் பக்கம் வாய்ப்பக்கம் என்று குறித்து, பிறகு ஃபார்மலினில் இறக்குங்கள். ஓரம் சுத்தமா, அடிப்படலத்துக்குள் 500 மைக்ரானைத் தாண்டியதா, ரத்தக்குழாயில் நுழைந்ததா என்ற பதில்கள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன.

7. அந்தப் பதில் வரும்முன் “ஆபரேஷன் வேண்டாம்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சர்ஜனை அழைப்பது தோல்வியும் அல்ல. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல், நம் பக்கத்து நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். வயிற்றைத் திறந்து இரைப்பை அறுவை செய்வதில் பேர் வாங்கினார். நிணநீர் முடிச்சுக்கு நோய் போயிருந்தால் இன்றைக்கும் அந்த வழிதான். எந்த லேசரும் அங்கே எட்டாது.

8. புற்றை எடுத்தாலும் இரைப்பை அதே இரைப்பை. ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒழித்துவிடுங்கள். கருவாட்டின் உப்பையும் புகையிலையையும் பற்றி வீட்டுக்காரரையும் வைத்துப் பேசுங்கள். வருஷம் ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், இன்னோர் இடத்தில் புதிதாக முளைக்கக்கூடும். இங்கத்தவருக்குத் தேதி சொன்னால் மறப்பார்கள். அம்மன் கோயில் மாசிக் கொடை முடிந்த மறுவாரம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள், வந்துவிடுவார்கள்.