உடம்பு போட்டிருச்சுன்னு அவர்கிட்ட சொல்லலாமா?

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆன தங்கைகள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. “அக்கா, அவருக்குத் தொப்பை போட்டிருச்சு. சொன்னா முகம் வாடிடும். சொல்லாம விட்டா உடம்புக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயமா இருக்கு.” தம்பிகளும் இதையே கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். “குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் அவ முன்ன மாதிரி இல்லக்கா. எப்படி எடுத்துச் சொல்றது?”

என் பதில் இதுதான். எடை கூடியிருப்பதை நீ சொல்ல வேண்டாம், அது அவர்களுக்கே தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிய வழியில்லாத, கூடவே இருக்கிற உன் கண்ணில் மட்டும் படுகிற சில அறிகுறிகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடவே கூடாது.

பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போடுகிறவர் அவர். வயிற்றுப் பட்டன் இழுத்துக்கொண்டு நிற்பதை ஆபீஸில் நாள் முழுக்கக் கையால் மறைக்கிறவரும் அவர்தான். கை ஏறாத ரவிக்கையை டெய்லரிடம் எடுத்துப்போய் உள்தையலைப் பிரித்துவிடச் சொல்லி, “இதுக்கு மேல பிரிக்க உள்ள துணி இல்லம்மா” என்ற பதிலைக் கேட்டுவிட்டு வருகிறவள் அவள். சேதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நீயும் சொன்னால் மனசு வலிக்கும், வேறு ஒன்றும் நடக்காது.

சொன்னால் ரோஷம் வந்து குறைப்பார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 50 வயது தாண்டிய 2,944 பேரை நாலு வருஷ இடைவெளியில் எடை பார்த்தார்கள். எடையை வைத்துத் தங்களை மற்றவர்கள் மட்டமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தது. அப்படி எதுவும் இல்லை என்றவர்களுக்கு 0.71 கிலோ குறைந்திருந்தது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கேலிக்கு ஆளானவர் பார்க்கில் நடக்கக் கூச்சப்படுவார். நாலு பேர் முன்னால் அளவாகச் சாப்பிட்டுவிட்டு, எல்லாரும் தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜைத் திறப்பார்.

அதனால் செல்லப் பெயர்களையும் இன்றோடு நிறுத்திவிடு. “குண்டு”, “புசுபுசு” என்று காதலிக்கும்போது கொஞ்சிக் கூப்பிட்டது, உடம்பு நிஜமாகவே போட்ட பிறகு கொஞ்சலாகக் காதில் விழாது. சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பாதே.

இவற்றைப் பார்த்தால் பேசியே ஆக வேண்டும்

குறட்டையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதைக் கவனிக்கக்கூடியவர் வீட்டில் நீ ஒருத்திதான். எல்லாக் குறட்டையும் ஆபத்து இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மேலே வர முயற்சி செய்யும், ஆனால் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ காற்று வராது. பத்து செகண்ட், சில சமயம் அதற்கும் மேலே. பிறகு ஒரு திணறலோடு மூச்சை இழுத்துப் புரண்டு படுப்பார். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கியதாகத்தான் சொல்வார், ஆனால் தலைவலியோடு எழுந்திருப்பார், மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. கழுத்தைச் சுற்றிச் சதை கூடும்போது தூக்கத்தில் தொண்டை வழி அடைபடுகிறது. பிரஷர் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும், வண்டி ஓட்டும்போது கண் சொக்கும். ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டு. காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பார்க்கலாம். ராத்திரி தூக்கத்தில் எடுக்கிற டெஸ்ட் இருக்கிறது, மூச்சு வழி அடைபடாமல் காற்றுக் கொடுக்கிற மிஷினும் இருக்கிறது. அந்தப் பதிவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிடாதே.

அடுத்தது பின்கழுத்து. அங்கே தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் மாதிரி இருந்தால் அது அழுக்கு இல்லை. கடலை மாவு போட்டுத் தேய்த்தாலும் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் ஒரு அடையாளம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் பார்க்கச் சொல்.

பெண்களுக்கு எடையோடு சேர்ந்து முடி கொட்டுவது, தோல் வறள்வது, மலச்சிக்கல், எந்நேரமும் அசதி, எல்லாரும் ஃபேன் போடச் சொல்லும்போது இவளுக்கு மட்டும் குளிர்வது எல்லாம் இருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். டிஎஸ்எச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஆனால் தைராய்டால் ஏறுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான், முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும் தாடையில் முடி வளர்வதும் இருந்தால் பிசிஓடி இருக்கிறதா என்று மகப்பேறு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மாத்திரைகளையும் பார். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நாள்கணக்கில் சாப்பிடுகிற ஸ்டீராய்டு, மனநலத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், இன்சுலின், சர்க்கரை மாத்திரைகளில் சில ஆகியவை எடையைக் கூட்டும். நீயாக எதையும் நிறுத்தச் சொல்லிவிடாதே. ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சீட்டை எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய்க் கேள்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதே. சில நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, காலையில் முகம் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கினால் அது சதை இல்லை, நீர். இதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ சிரமப்படுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடம்பு மட்டுமல்ல, மனசும் எடையைக் கூட்டும். வேலை போன பிறகு, அப்பாவோ அம்மாவோ இறந்த பிறகு, கடன் நெருக்கும்போது ராத்திரி தனியாக உட்கார்ந்து மிக்சர் பாக்கெட்டைக் காலி செய்கிறவரிடம் எடையைப் பற்றிப் பேசி என்ன பயன்? “ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?” என்று கேள். பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

எப்படிப் பேசுவது

சாப்பாட்டுத் தட்டு முன்னால் வேண்டாம். படுக்கையில் வேண்டவே வேண்டாம். உடை மாற்றும்போது, விசேஷத்துக்குக் கிளம்பும்போது, மாமியார் மாமனார் இருக்கும்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி குடித்தபடி, பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில் பேசலாம்.

எடை என்ற வார்த்தையே உன் வாயில் வர வேண்டியதில்லை. “ஏங்க, கொஞ்ச நாளா ராத்திரி உங்க மூச்சு நடுவுல நின்னு நின்னு வருது. எனக்குப் பயமா இருக்கு. சனிக்கிழமை டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா? நானும் வரேன்.” இவ்வளவு போதும். பார்த்தது என்ன, எனக்கு எப்படி இருக்கிறது, எப்போது போகலாம், கூட யார் வருகிறார்கள் என்ற நாலும் அதில் வந்துவிட்டது. எடை மிஷினில் ஏறச் சொல்வது டாக்டர் வேலை. டாக்டர் சொல்லும்போது, “நான் அப்பவே சொன்னேன்ல” என்று நடுவில் பேசாதே.

ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடு. தினமும் சொன்னால் அது நச்சரிப்பாகிவிடும். மூச்சு நிற்பதும் உடம்பில் நீர் கோப்பதும் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குப் போகிறவரை விடாதே, தேவைப்பட்டால் அவர் மதிக்கிற அண்ணனையோ சிநேகிதரையோ விட்டுச் சொல்லச் சொல்.

அவர்களே கேட்டால்? “நான் குண்டாயிட்டேனா?” என்ற கேள்வி எப்போது வருகிறது என்று பார். கல்யாணத்துக்குக் கிளம்பிப் பட்டுப்புடவையில் கண்ணாடி முன் நின்று கேட்டால், “அந்தப் பச்சை உனக்கு நல்லா இருக்கு” என்பதுதான் அவளுக்கு வேண்டிய பதில், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில். ராத்திரி எல்லா வேலையும் முடிந்து, அமைதியாக உட்கார்ந்து கேட்டால் பொய் சொல்லாதே. “ஆமா, கொஞ்சம் போட்டிருக்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. உனக்கு ஏதாவது கஷ்டமா இருக்கா?” என்று கேட்டுவிட்டு, அவளைப் பேச விடு.

பிரசவமான பெண்ணிடம் இந்தப் பேச்சையே எடுக்காதே, தம்பி. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க எழுந்திருக்கிறவளுக்கு முதலில் வேண்டியது தூக்கம். தூக்கம் கெட்டால் பசியும் தாறுமாறாகும். குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்க விடு, சாயங்காலம் அரை மணி நேரம் தனியாக நடந்துவிட்டு வர விடு. கர்ப்பத்தில் ஏறியது இறங்க ஒரு வருஷம்கூட ஆகலாம், சிலருக்கு முழுசாக இறங்காது.

உன்னிடமிருந்து ஆரம்பி

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக இதய நோய் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் 32 வருஷக் கணக்கை எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தம்பதியில் ஒருவருக்கு உடல் பருமன் வந்தால் மற்றவருக்கும் வருகிற வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரே அடுப்பு, ஒரே சோபா, ஒரே ஸ்விக்கி ஆர்டர் என்றால் வேறென்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள், அதே வயது ஆண்களில் 37 சதவீதம். உன் வீட்டுக்காரர் மட்டும் தனியாக ஏதோ தப்பு செய்துவிடவில்லை.

அதனால் இன்ச் டேப்பை எடுத்து முதலில் உன் இடுப்பை அள. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. உன் அளவைச் சொல்லிவிட்டு, “நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது பண்ணலாமா?” என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

பிறகு சமையலறைக்குப் போ. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும். உன் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்து எத்தனை பாக்கெட் வருகிறது என்று எண்ணிப் பார், பல வீடுகளில் அங்கேயே விடை இருக்கும். ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டு வா. டிபன் பாக்ஸில் சாதத்தைக் கொஞ்சம் குறைத்து பொரியலைக் கூட்டு, கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ வை. சாப்பிட்டதும் இருவருமாகத் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். ஆனால் காவல்காரி வேலை மட்டும் பார்க்காதே. “இன்னொரு தோசையா?” என்று கேட்காதே, தட்டை எடுக்காதே, எல்லாரும் பிரியாணி சாப்பிடும்போது அவருக்கு மட்டும் ஓட்ஸ் வைக்காதே.

தோற்றம்தான் உன் கவலை, அவர் உடம்பு நன்றாகவே இருக்கிறது என்றால், வாயைத் திறக்காதே. நெருக்கம் குறைந்திருந்தால் அதைப் பற்றிப் பேசு. இடுப்பளவை அதற்குக் காரணமாகக் காட்டாதே.

தங்கச்சி, இது உனக்குத் தனியாக. “அஞ்சு கிலோ குறைச்சாதான் கல்யாணம்” என்று சொல்கிறவன், தினமும் எடையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறவன், நீ சாப்பிடுவதற்குக் கணக்குக் கேட்கிறவன் காட்டுவது அக்கறை இல்லை, அதிகாரம். அவனுக்காக ஒரு வேளை சோற்றைக்கூடக் குறைக்காதே. வீட்டில் உனக்கு நம்பிக்கையானவரிடம் இன்றைக்கே சொல்.

கடைசியாக எல்லாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விசேஷ வீட்டில் சொந்தக்காரர் யாராவது, “என்ன, உடம்பு நல்லா ஏறிடுச்சே, விசேஷமா?” என்று உன் மனைவியிடம் கேட்டால், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்காதே. “அந்தப் பேச்சு வேண்டாம் அத்தை” என்று நீயே சொல்லி அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போ. உன் கணவரின் தொப்பையை உன் அண்ணன் கிண்டல் செய்தாலும் அதையே செய்.