ஒருவர் விழித்திருக்க ஒருவர் உறங்க

நுழையும்முன்

தொடர்வண்டியில் ஊருக்குச் செல்லும்போது வழியெங்கும் நிலையங்கள் வருகின்றன. குடிநீர் கிடைக்கிறது, உணவு கிடைக்கிறது, இறங்கிச் சற்றே நிற்கவும் இடம் இருக்கிறது. நிலையமே இல்லாத வழியில் ஆறு வாரங்களுக்கு மேல் செல்ல நேர்ந்தால் ஒவ்வொரு நாளும் எவ்வாறு கழியும்? இந்தியக் கடற்படை அலுவலர் இருவரின் பயணத்தைக் கொண்டு அதனை அறிவோம்.

இருவர் சென்ற படகு

2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், 'தாரிணி' என்னும் பாய்மரப் படகு உலகைச் சுற்றிவரக் கோவாவிலிருந்து புறப்பட்டது. கோவாவிலேயே கட்டப்பட்ட அப்படகின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். அதில் சென்றவர் இருவரே. ஒருவர் கேரளத்துக் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. இப்பயணத்திற்காக இருவரும் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றனர். எங்கும் நில்லாமல் தனியொருவராக உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியரான அபிலாஷ் டோமி அவர்களுக்கு வழிகாட்டினார்.

வழியில் அவர்கள் நின்ற துறைமுகங்கள் நான்கு. ஆத்திரேலியாவின் ஃபிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என்பன அவை. இவற்றுள் லிட்டல்டனுக்கும் போர்ட் ஸ்டான்லிக்கும் இடைப்பட்ட வழியே மிகக் கடினமானது. அதன் நீளம் ஏறத்தாழ 5,600 கடல்மைல். 2025 சனவரி 4ஆம் நாள் லிட்டல்டனை விட்ட படகு, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில்தான் மீண்டும் கரையை அடைந்தது.

காவல்முறை

கடலில் படகை இரவில் நிறுத்திவைத்துவிட்டு உறங்க இயலாது. காற்று ஓய்வதில்லை, படகும் சென்றுகொண்டே இருக்கும். ஆதலால் இருவர் செல்லும் படகில் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்க வேண்டும். இதனை மாலுமிகள் 'வாட்ச்' என்பர். நாம் காவல்முறை எனலாம். இதில் பகல், இரவு என்னும் வேறுபாடு இல்லை.

காவலில் இருப்பவருக்குப் பணிகள் பல. படகு உரிய திசையில் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று மிகுந்தால் பாயைச் சுருக்க வேண்டும். குறைந்தால் விரிக்க வேண்டும். தொலைவில் கப்பலோ மிதக்கும் பனிப்பாறையோ தென்படுகிறதா என்று நோக்க வேண்டும். மின்கலத்தில் மின்சாரம் எவ்வளவு உள்ளது என்றும், படகின் அடித்தளத்தில் நீர் புகுந்துள்ளதா என்றும் ஆராய வேண்டும். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

காவல் மாறும் வேளையில், எழுந்து வருபவரிடம் எல்லாவற்றையும் தெளிவாகக் கூற வேண்டும். காற்று எத்திசையில் வீசுகிறது, எந்தக் கயிறு தேய்ந்துள்ளது, எங்கிருந்து புதிய ஒலி கேட்கிறது என்பன போன்ற சிறு செய்திகளும் விடுபடுதல் கூடாது. ஒருவர் கூற மறந்த செய்தி, இருவருக்கும் தீங்காக முடியலாம்.

ஒரு வாரும் ஒரு கொக்கியும்

இத்தகைய பயணத்தில் தவறாமல் பின்பற்றப்படும் விதி ஒன்று உண்டு. மேல்தளத்திற்கு வருபவர் உடலில் பாதுகாப்பு வாரை அணிந்து, அதன் கொக்கியைப் படகுடன் பிணைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் ஒருவர் தவறிக் கடலில் வீழ்ந்தால், உள்ளே உறங்குபவர் அதனை அறியமாட்டார். அவர் அறிந்து எழுவதற்குள் படகு நெடுந்தொலைவு சென்றிருக்கும். பாய் விரித்துச் செல்லும் படகை நினைத்தவுடன் நிறுத்தவோ திருப்பவோ இயலாது.

ஆகவே, கொக்கியை மாட்டுபவர் தம் உயிரை மட்டும் காத்துக்கொள்வதில்லை. உள்ளே உறங்குபவர் அச்சமின்றி உறங்கவும் வழி செய்கிறார். அவர் விதியைத் தவறாமல் பின்பற்றுவார் என்னும் நம்பிக்கை இல்லையேல், மற்றவர் கண்மூடுதல் அரிது.

உணவும் நீரும்

நீண்ட கடற்பயணத்தில் கீரையும் காய்கனியும் முதலில் தீர்ந்துவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் சில வாரங்கள் தாங்கும். அதன்பின் அரிசி, பருப்பு, உலர்த்திப் பதப்படுத்திய உணவு ஆகியவற்றையே நம்ப வேண்டும். படகு சாயும்போது பாத்திரம் கவிழாதவாறு, அடுப்பும் உடன் அசைந்து சமநிலையில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். சமைப்பவர் ஒரு கையால் பிடிமானத்தைப் பற்றிக்கொண்டு, மறு கையால் கிண்டுவார்.

சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு துளியும் ஆகாது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் கருவியே நன்னீர் தரும். எனவே நன்னீரை அளந்தே செலவிடுவர்.

இரண்டு முறை வரும் நாள்

சனவரி மாதத்தில் லிட்டல்டன் நகரின் கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முந்தியிருக்கும். போர்ட் ஸ்டான்லியின் கடிகாரமோ எட்டரை மணி நேரம் பிந்தியிருக்கும். கிழக்கு நோக்கிச் செல்லும் படகு 15 பாகை தீர்க்கக்கோட்டைக் கடக்கும்தோறும் சூரியன் ஒரு மணி நேரம் முன்னதாகவே உதிக்கிறது. ஆதலால் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்த வேண்டும். இடையில் பன்னாட்டு நாள்கோடு வருகிறது. அதனைக் கிழக்கு நோக்கிக் கடப்பவர், முடிந்த தேதியை மீண்டும் ஒருமுறை எண்ணுவர். ஊரில் ஒரே முறை வந்த நாள், படகில் இரண்டு முறை வரும்!

மனிதர் இல்லாப் பெருவெளி

சனவரி 30ஆம் நாள் தாரிணி, 'நெமோ முனை' எனப்படும் இடத்தைக் கடந்தது. நெமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'எவரும் இல்லை' என்பது பொருள். அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் மிக அருகிலுள்ள நிலமே 2,688 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் என்பதை நினைத்தால் அத்தொலைவு விளங்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து செல்லும்போது, அங்கிருப்போர்க்கு மிக அருகிலுள்ள மனிதர் விண்வெளி வீரரே. தில்னாவும் ரூபாவும் அங்கு ஆய்வுக்காகக் கடல்நீரைச் சேகரித்தனர். அவ்வளவு பெரிய வெளியில் ஒருவருக்கு மற்றவரே துணை.

அவ்வழியில் மூன்று புயல்களையும் அவர்கள் கடந்தனர். பிப்ரவரி 15ஆம் நாள், தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றினர். 2025 மே 29ஆம் நாள், ஏறத்தாழ 25,400 கடல்மைல் பயணத்தை முடித்துக் கோவாவை அடைந்தனர். அன்றிரவு இருவரும் ஒரே வேளையில் உறங்கலாம்; படகைக் காக்க ஒருவர் விழித்திருக்க வேண்டியதில்லை.

சொற்பொருள்

கடல்மைல் – 1.852 கிலோமீட்டர்
பாகை – கோணத்தின் அளவு
வார் – தோலாலோ துணியாலோ ஆன பட்டை
முனை – நிலம் கடலுள் நீண்டு முடியும் இடம். குறித்த ஓர் இடம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. விழித்திருக்க  2. நன்னீர்  3. தென்கோடி

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காவல் மாறும் வேளையில் கூற வேண்டியவை யாவை?
2. நெமோ முனை என்னும் பெயர் பொருத்தமானதே என்பதை விளக்குக.

இ. சிந்தித்து எழுதுக.
செவிலியர், தொடர்வண்டி ஓட்டுநர், காவலர் எனப் பலர் நாம் உறங்கும்போது விழித்திருக்கின்றனர். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அவ்வாறு பணிசெய்யும் ஒருவரிடம் உரையாடி, அவர் இரவில் செய்யும் பணிகளைப் பத்து வரிகளில் எழுதுக.