"என்ன குறைச்சல்?" என்று கேட்காதீர்கள்!

கவிதையும் சிரிப்புத் துணுக்கும் படிக்கிற ஆண்டு மலரில் இந்த விஷயம் எதுக்குப்பா என்று சிலர் கேட்கலாம். 2021-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,089 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. நாள் ஒன்றுக்கு 35 பேருக்கும் மேல்! எனவே இதையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கம்பைநல்லூரில் பெற்றோர் சிலரிடமும், நம் நண்பர்களிடமும் இதுபற்றிப் பேசிப் பார்த்தேன். ஒரே விஷயத்தை இரு தரப்பும் இரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பெற்றோர் சொல்வது:

"கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். கேட்டதை வாங்கித் தர்றோம். இதுங்களுக்கு என்ன குறைச்சல்? செத்துப்போறேன்னு சொல்றவன் சாகமாட்டான், சும்மா மிரட்டுறான்."

பிள்ளைகள் சொல்வது:

"சாகணும்னு ஆசை இல்லடா. இந்த வேதனை நின்னாப் போதும். வீட்டுல சொன்னா அம்மா அழும், அப்பா திட்டுவாரு. நான் இருக்கறதே அவங்களுக்குப் பாரம்."

பெற்றோர் காரணத்தைத் தேடுகிறார்கள். அரியரோ, காதலோ, செல்போனோ ஒன்று அகப்பட்டால் அதைக் கண்டித்துவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிள்ளையோ வேதனையில் நிற்கிறான். காரணம் சின்னதாக இருக்கலாம், வேதனை சின்னதல்ல. அப்பாவின் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம் என்று மகனுக்குத் தெரியவில்லை. மகனின் மௌனம் திமிர் அல்ல, வெட்கம் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நம் லேபில் இழுவிசைச் சோதனை செய்திருக்கிறோம். வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மென் எஃகுக் கம்பியோ நீண்டு, நடுவில் ஒடுங்கி, அதன் பிறகே அறும். மனிதர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. தூக்கமின்மை, ஒதுங்கி இருத்தல், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் எல்லாம் அந்த ஒடுக்கம்தான். ஒரு வித்தியாசம்: ஒடுங்கிய கம்பி பழையபடி ஆகாது, பாரத்தை இறக்கினால் மனிதன் மீண்டுவிடுவான். முயற்சியில் உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நெருக்கடி வேளையைக் கடக்க வைப்பதே நம் வேலை.

எப்படிக் கடக்க வைப்பது?

1. நேராகக் கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்ட பிறகு அறிவுரை சொல்லாமல் காது கொடுங்கள். 1953-ல் லண்டனில் சாட் வரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பும், 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவும் இப்படிக் காது கொடுப்பதையே தொண்டாகச் செய்துவருகின்றன.

2. தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். தக்காளித் தோட்டம் இருக்கும் நம் பக்கத்து வீடுகளுக்கு இது மிக முக்கியம். கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஸ்நேகா அமைப்பினர் விவசாயிகளின் மருந்துகளை ஊர்ப்பொதுவான இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கச் செய்தார்கள். அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

3. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

4. உதவி கேளுங்கள். 14416 (டெலி மானஸ்) எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 104-க்கும் பேசலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050. நேரில் பார்க்க, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நண்பா, இதைப் படிக்கிற உனக்கே அந்த எண்ணம் இருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். அப்பாவிடம் முடியாவிட்டால் அத்தையிடம், வாத்தியாரிடம், பக்கத்துப் பெஞ்சு நண்பனிடம் சொல். "வேதனை தாங்கல, கூட இரு" என்ற நாலு வார்த்தை போதும். அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம்.

பெற்றோரே! "என்ன குறைச்சல்?" என்று கேட்பதை விடுங்கள். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்வான்.