நிறம் மாறும் தபால்தலை

திருவனந்தபுரம் திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரமாக இருந்தது. அவர்களுக்குத் தனித் தபால் இருந்தது. அதற்கு 'அஞ்சல்' என்று பெயர். 1888-இல் அஞ்சல் தபால்தலை வெளிவந்தது. அதில் சங்குப் படம் இருந்தது. ஒரு சக்கரத் தபால்தலை நீலம். இரண்டு சக்கரத் தபால்தலை சிவப்பு. சக்கரம் என்பது அந்தக் காலத்துக் காசு.

பழைய தபால்தலையின் நிறம் ஏன் மாறுகிறது? வெயில் பட்டால் மை வெளுக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பழுப்புப் புள்ளி விழும். நாளாக நாளாகத் தாள் மஞ்சளாகும். சில மைகள் தண்ணீரில் கரையும்.

வெளுத்துப்போனதை 'அபூர்வ நிறம்' என்று சொல்லிச் சிலர் விற்பார்கள். ஏமாறாதீர்கள்!

வீட்டுப் பெட்டியில் பழைய கடிதம் இருக்கிறதா? தபால்தலையைப் பிய்க்காதீர்கள். கழுவாதீர்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். கடிதத்தைப் படித்துப் பாருங்கள். அது உங்கள் குடும்பத்தின் கதை.