வீட்டினுள் ஈரம் எங்கிருந்து வருகிறது?

கடந்த மார்கழி மழை ஓய்ந்த பின் வன்னியில் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். வீட்டுத் தாயார் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். நான்கு இடப்பெயர்வுகளிலும் தூக்கிச் சுமந்த காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் சாம்பல் நிறப் பூஞ்சணம். "செல்லுக்குத் தப்பினது சுவாமி, ஈரத்துக்குத் தப்பேல்லை" என்றார். சிறுபோகத்திற்கென மூலையில் வைத்திருந்த விதைநெல் சாக்கின் அடியும் கறுத்துப் போயிருந்தது. சின்ன மகனுக்கு இரவெல்லாம் இழுப்பு.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. கடன்பட்டுச் சீமெந்து வாங்கி, மண்சுவரின் உட்புறம் பூசியிருந்தார்கள். தவறு அங்கேதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறியுமுன் பணத்தைச் செலவிட்டு விட்டார்கள்.

ஈரத்தின் வழியை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு முழச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து, விளிம்பைச் சுற்றிச் செங்கல் அடுக்கி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். (விளிம்பிற்கு ஈரமண் பூச வேண்டாம், அதுவே ஈரத்தைக் கொடுத்துவிடும்.) பொலித்தீனின் அடிப்பக்கத்தில் நீர் துளிர்த்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேற்பக்கத்தில் துளிர்த்திருந்தால் அது வீட்டுக் காற்றில் உள்ள ஈரம்.

இந்த வீட்டில் அடிப்பக்கமே நனைந்திருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் நுண்ணிய துளைகள் வழியே நீர் சுவரில் ஏறும். உள்ளே சீமெந்து பூசினால் அந்த நீர் ஆவியாக வழியின்றி இன்னும் மேலே ஏறும். பூச்சும் கழன்று விழும். மண்சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது, சுவர் மூச்சுவிடும்.

முதலில் வெளியே வேலை செய்ய வேண்டும். முற்றத்து மண் வீட்டு நிலத்தை விட உயர்ந்து சுவரோடு அணைந்திருந்தால் வெட்டி அகற்றுங்கள். தாழ்வாரத்து நீர் விழும் இடத்திற்கு அப்பால் ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, பள்ளமான பக்கம் நீரை விடுங்கள். வயலில் நீர் வடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு என்று வரும்போது மறந்து விடுகிறோம். புதிதாக நிலம் போடுபவர்கள் மணலைப் பரவி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, பின்னர் நிலத்தைப் போடட்டும். சுவர் எழுப்புமுன் அத்திவாரத்தின் மேல் தார் பூசுவதும் இதற்காகவே.

மேற்பக்கம் நனைந்தால் வேறு கதை. ஈர விறகில் உள்ளே சமைப்பது, உடுப்புக் காயப்போடுவது, தகரக் கூரை விடியப்புறம் வியர்ப்பது ஆகியவையே காரணம். அடுப்பைப் பத்திக்கு மாற்றி, கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

சுவரிற் படிந்த பூஞ்சணத்தை உலர்ந்த தும்புத்தடியால் தட்டக் கூடாது. தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். மூக்கை மூடிக்கொண்டு, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். இழுப்புள்ள பிள்ளையை அப்போது வெளியே அனுப்புங்கள்.

விதைநெல் சாக்கைப் பலகை மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். நெல் காய்ந்ததா என்று ஐயமானால், உலர்ந்த போத்தலில் நெல்லோடு வறுத்து ஆறிய உப்பைப் போட்டுக் குலுக்கி, சற்று நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு போத்தலில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும். பூஞ்சணம் பிடித்த கச்சானை மட்டும் வறுத்தும் உண்ண வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம். அதிலுண்டாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றாக நீங்காது.

தாயாரின் உறுதியை நிழலில், தாள்களுக்கிடையே வைத்து மூன்று நாள் உலர்த்தினோம். வெயிலில் மை மங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பின்னரே பொலித்தீன் பையில் இட்டோம். ஈரத்தோடு கட்டினால் உள்ளே மேலும் பூக்கும். ஒரு பக்கம் வாசிக்க முடியாமற் போயிருந்தது. பதிவு செய்த உறுதியாகையால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். அதற்கு விண்ணப்பிக்க, உறுதி இலக்கமும் திகதியும் இருந்த முதற்பக்கம் நல்லவேளையாகத் தப்பியிருந்தது.